நேர்முகப் பரீட்சைக்குப் போகும் தோட்டத்துத் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

பூனாகலை, தங்கமலை, தம்பேத்தன்ன, பிட்டரத்மலை, நாயபெத்த, நியூபர்க் என்று பண்டாரவளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சாதாரண தரமோ உயர்தரமோ முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். அதிபர்மாருக்கும் அமைச்சர்மாருக்கும் தொழிற்சங்கத் தலைவர்மாருக்கும் எழுதவும் நிறைய இருக்கிறது. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

நானும் லயத்துப் பிள்ளைதான். பிறகு கொழும்பில் ஒரு கம்பனியில் வேலைக்கு ஆள் எடுக்கும் மேசைக்குப் பின்னால் உட்காரும் நிலைக்கு வந்தேன். அங்கே உட்கார்ந்து நம் பிள்ளைகள் உள்ளே வருவதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். பெறுபேறு நன்றாக இருக்கும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் கதவைத் தாண்டியதும் ஆள் ஒடுங்கிப்போவார். உட்காரச் சொன்னால் நாற்காலி நுனியில் தொற்றிக்கொள்வார். என்ன கேட்டாலும் "ஆமாங்க சேர்", "இல்லீங்க சேர்". கண் தரையை விட்டு எழும்பாது. அவர் போன பிறகு எனக்குப் பக்கத்தில் இருப்பவர் "நல்ல அடக்கமான பிள்ளை" என்பார். சொல்லிக்கொண்டே பத்துக்கு மூன்று போடுவார்.

அடக்கத்துக்குப் புள்ளி இல்லை என்பதை யாராவது உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல ஆள் இல்லை. கொழும்பில் ஒரு வங்கி உத்தியோகத்தரின் மகன் முதல் நேர்முகப் பரீட்சைக்குப் போகும்போது முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலேயே தகப்பன் பாதியைச் சொல்லிக் கொடுத்துவிடுவார். நம் வீட்டில் யார் சொல்வார்கள்? நம் பாட்டன் பூட்டனை எவரும் எதிரே உட்கார வைத்து "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டதில்லை. கங்காணி கூட்டி வந்தார், மலையில் இறக்கினார், கடனைப் பேரேட்டில் எழுதினார். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக நினைத்தால், எவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று எழுதிய "துண்டு" வேண்டும். அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது 1921இல். அதன்பிறகு 1948இல் குடியுரிமை போயிற்று. குடியுரிமை இல்லாதவனுக்கு அரச உத்தியோகம் ஏது? எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையைத் தீர்த்த சட்டம் வந்தது 2003இல். உங்களில் பலர் பிறப்பதற்குச் சற்று முன்புதான். இவ்வளவையும் தாண்டி வந்த வீட்டில் நேர்முகப் பரீட்சைக்கு வழி சொல்லும் பெரியவர் இல்லாமல் போனதில் உங்கள் குற்றமும் இல்லை, அவர்கள் குற்றமும் இல்லை.

ஆனால் பெரட்டுக்களத்தில் துரைக்கு முன் நின்ற அந்த நிற்பு மட்டும் நமக்குத் தப்பாமல் வந்து சேர்ந்துவிட்டது. வேலை என்பது பெரியவர் பார்த்துக் கொடுப்பது, வாங்குகிறவன் வாயைத் திறக்கக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் நீங்கள் அந்த அறைக்குள் போகிறீர்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவன் சொல்கிறேன், கேளுங்கள்: அங்கே இருப்பவருக்கு ஆள் தேவை. வெற்றிடம் நிரம்பவில்லை என்று மேலிடம் அவரை நெருக்கிக்கொண்டிருக்கிறது. அன்று காலையிலிருந்து பொருத்தமான ஒருவரும் அகப்படாமல் அவரும் களைத்துப்போய்த்தான் இருக்கிறார். உள்ளே வரும் நீங்கள் அந்த ஆளாக இருந்துவிட மாட்டீர்களா என்றுதான் அவர் நிமிர்ந்து பார்க்கிறார். நீங்கள் தரையைப் பார்த்தால் அவர் அடுத்த பெயரைப் பார்ப்பார்.

இப்போது உள்ளே போவதற்கு முன்பே நடக்கும் தோல்விக்கு வருகிறேன். எனக்கு மிகவும் ஆத்திரம் வருவது இங்கேதான்.

அரச வேலைகளில் இரண்டு வகை நேர்முகப் பரீட்சை உண்டு. வெள்ளிக்கிழமை வர்த்தமானியை ஒழுங்காக வாசிக்கிறவர்களுக்கு இது தெரியும். பொது நேர்முகப் பரீட்சைக்குப் புள்ளி கிடையாது. அறிவித்தலில் கேட்ட தகைமை உங்களிடம் இருக்கிறதா என்று மூலச் சான்றிதழ்களைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சையில்தான் மேலதிகத் தகைமை, அனுபவம், மொழித் தேர்ச்சி, அங்கே நீங்கள் பேசும் விதம் என்று தனித்தனியாகப் புள்ளி போடுவார்கள். ஆசிரிய நியமனம் என்றால் சில நிமிடம் பாடம் நடத்திக் காட்டும் செயன்முறைப் பரீட்சையும் சேரும். எது என்று தெரியாமல் போகிறவர்கள், புள்ளியே இல்லாத இடத்துக்கு இரவெல்லாம் பொது அறிவு மனனம் செய்துவிட்டு, கேட்கிற ஒரே ஒரு காகிதத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

காகிதம் என்றேன். நம் ஆட்களின் பெயரில் உள்ள குழப்பத்தைப் போல் வேறெங்கும் நான் கண்டதில்லை. பிறப்புச் சான்றிதழில் பதிவாளர் தன் காதில் விழுந்ததைச் சிங்களத்தில் எழுதியிருப்பார். பள்ளிக்கூட இடாப்பில் வாத்தியார் தமிழில் வேறு மாதிரி எழுதியிருப்பார். பரீட்சைச் சான்றிதழின் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடியிருக்கும், அடையாள அட்டையில் ஓர் எழுத்துக் குறைந்திருக்கும். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் இல்லவே இல்லை. நாலு காகிதத்தில் நாலு ஆள். தேர்வுச் சபை என்ன செய்யும்? "இது நீதான் என்று நிரூபித்துக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பும். அதற்குள் காலம் போய்விடும்.

சிறிய எழுத்து வித்தியாசம் என்றால் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் அது போதும். பெயரே மாறியிருந்தால் பிறப்புச் சான்றிதழைத் திருத்த வேண்டும். அதற்குப் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். மாதக்கணக்கில் இழுபடும் வேலை. நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்த பிறகு தொடங்கினால் முடியாது. இன்னொன்று: விண்ணப்ப முடிவுத் திகதிக்குள் தகைமை பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்று அறிவித்தலில் போட்டிருந்தால், அதற்கு மறுநாள் கையில் கிடைத்த சான்றிதழ் அங்கே செல்லாது. கெஞ்சிப் பயனில்லை. வாசித்துவிட்டுப் போடுங்கள்.

அழைப்புக் கடிதத்தின் கதையும் இதுதான். நம் முகவரிக்கு வரும் தபால் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து யாரோ ஒருவர் கையில் லயத்துக்கு வர வேண்டும். நேர்முகப் பரீட்சை முடிந்து மூன்றாம் நாள் அழைப்புக் கடிதத்தைக் கையில் வாங்கி அழுத பிள்ளைகள் இல்லாத தோட்டம் நம் பக்கத்தில் உண்டா? இது பெரிய அநியாயம். வீட்டுக்கு வீடு இலக்கமும் முகவரியும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் அது வரும் வரை காத்திருக்க உங்களுக்கு வயது இல்லை. விண்ணப்பத்தில் எப்போதும் திறந்திருக்கும் ஒரு தொலைபேசி இலக்கத்தைப் போடுங்கள். உங்கள் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் திறந்து (சினிமா நடிகர் பெயரில் வேண்டாம், அதைப் பார்த்துச் சிரித்தவர்களோடு நான் உட்கார்ந்திருக்கிறேன்) இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது பாருங்கள். விண்ணப்பம் போட்டு ஒரு மாதமாகியும் பேச்சு மூச்சு இல்லையென்றால் நீங்களே அழைத்துக் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் பெயரை வெட்டுவதில்லை.

இனி அறைக்குள் வருவோம். முதல் கேள்வி எப்போதும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதுதான். நம் பிள்ளைகள் பெயர், பள்ளிக்கூடம், ஊர் பண்டாரவளை என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். "பண்டாரவளையில் எங்கே?" என்று அடுத்த கேள்வி வரும். அங்கே முகம் வாடும். தோட்டத்தின் பெயரை யாரோ பிடுங்கி எடுத்தது போலச் சொல்வார்கள். முதலிலேயே சொல்லுங்கள். தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அம்மா அப்பா செய்யும் வேலை, எல்லாவற்றையும் சாதாரணமாகச் சொல்லுங்கள். மறைத்ததை மற்றவர் கண்டுபிடிக்கும்போதுதான் அது குறையாகிறது.

அதோடு சொல்ல உங்களிடம் சரக்கும் இருக்கிறது. அம்மாவின் சம்பளத் துண்டை மாதாமாதம் வாசித்துக் காட்டியது யார்? எத்தனை பேர் விழுந்தது, எத்தனை அரைப்பேர், நிறுவையில் எத்தனை கிலோ வெட்டினார்கள், சேமலாப நிதிக்கும் சங்கத்துச் சந்தாவுக்கும் எவ்வளவு போனது, முற்பணம் எவ்வளவு கழித்தார்கள் என்று கணக்குப் பார்த்து, பிழையென்றால் கிளாக்கர் ஐயாவிடம் போய்க் கேட்டது நீங்கள்தானே? கணக்குப் பிரிவு உதவியாளர் வேலைக்கு வரும் நகரத்துப் பிள்ளை எவருக்கும் அந்தப் பயிற்சி பன்னிரண்டு வயதில் கிடைத்திருக்காது. கொழுந்து வாட்டுவது முதல் தரம் பிரிப்பது வரை தொழிற்சாலையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் காய்ந்த காற்றில் ஊவாத் தேயிலைக்கு ஏன் தனி வாசனை ஏறுகிறது என்று தெரியும். 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் வாங்கிய தம்பேத்தன்ன உங்கள் பக்கத்து மலை. தேயிலை ஏற்றுமதிக் கம்பனியிலோ ஹோட்டலிலோ இதைச் சொன்னால் எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். நான் கேட்டிருக்கிறேன்.

பொய் மட்டும் வேண்டாம். தெரியாத கணினிப் பயிற்சியைச் சுயவிபரக் கோவையில் எழுதாதீர்கள். உடனே மேசையில் இருக்கும் கணினியைத் திருப்பி வைத்து "செய்து காட்டுங்கள்" என்பார்கள். தெரியாததற்கு "எனக்கு இது தெரியாது, பழகிக்கொள்வேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்தப் பதிலுக்குப் புள்ளி உண்டு. மௌனத்துக்கு இல்லை.

மொழியைப் பற்றி உங்களிடம் இரண்டு விதமாகப் பேச வேண்டியிருக்கிறது. அரச சேவைக்கான பரீட்சைக்குச் சிங்களத்திலோ தமிழிலோ தோற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்குத் தந்திருக்கிறது. சேவையில் சேர்ந்த பிறகு நியாயமான காலத்துக்குள் மற்ற மொழியைப் படித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பண்டாரவளை, எல்ல, ஹப்புத்தளை, ஹல்துமுல்ல, ஹாலிஎல, பசறை ஆகிய பிரதேச செயலகங்கள் இரு மொழியிலும் இயங்க வேண்டியவை என்று 1999இலேயே வர்த்தமானியில் அறிவித்தாயிற்று. ஆகவே சிங்களத்தில் மட்டும் விண்ணப்பப் படிவம் தந்தால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். இல்லை என்றால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இது தயவு கேட்பதாகாது. அதே வாயால் இதையும் சொல்கிறேன்: தனியார் கம்பனியின் மேசையில் 22ஆம் உறுப்புரை உங்களோடு வந்து உட்காராது. அங்கே சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும் வேண்டும். பண்டாரவளைச் சந்தையில் நீங்கள் பேசும் சிங்களம் சரளமானதுதான். ஆனால் அது கடைச் சிங்களம். மரக்கறிக் கடைக்காரரிடம் பேசும் அதே தோரணையில் முகாமையாளரிடம் பேசிவிட்டு, ஏன் முகம் சுளித்தார் என்று தெரியாமல் வந்தவர்கள் உண்டு. உங்களைப் பற்றி இரண்டு நிமிடம், மரியாதைச் சிங்களத்தில், எழுதி வாசிக்காமல் சொல்லப் பழகுங்கள். சிங்கள நண்பர் ஒருவரிடம் திருத்தித் தரக் கேளுங்கள். ஆங்கிலத்திலும் அப்படியே. இரண்டு நிமிடம் போதும். அதற்குப் பிறகு தடுமாறினால் யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள்.

தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. "எப்போது கல்யாணம்?" என்று கேட்பார்கள். கேட்கக் கூடாத கேள்விதான், ஆனாலும் கேட்கிறார்கள். சிரித்து மழுப்பாமல், கோபப்படாமல், "என் வேலைக்கு அது தடையாக இராது" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள். நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியவையும் உண்டு: தங்குமிடம் கம்பனியுடையதா, இரவு முறை உண்டா, வேலை முடிந்து அறைக்கு யார் கொண்டுபோய் விடுவது.

சம்பளத்தைக் கேட்டால் வேலை போய்விடும் என்று நம்மிடம் ஒரு பயம் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021இல் கிடைப்பதற்குள் உங்கள் அம்மாமார் எத்தனை வருடம் வீதியில் நின்றார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களின் பிள்ளைக்குச் சம்பளம் கேட்பதில் என்ன வெட்கம்? நேர்முகப் பரீட்சை முடியும் தறுவாயில், "உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா?" என்பார்கள். "இல்லீங்க சேர்" என்று எழும்பிவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, நியமனக் கடிதம் தருவீர்களா, பயிற்சிக் காலம் எத்தனை மாதம், ஊழியர் சேமலாப நிதி முதல் மாதத்திலிருந்தே கட்டுவீர்களா என்று கேளுங்கள். தனியார் துறைக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயானது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. அந்த 30,000இல் உங்கள் பங்காக 8 சதவீதம், அதாவது 2,400 ரூபாய், சேமலாப நிதிக்குக் கழியும். முதலாளி தன் பங்காக 12 சதவீதம், 3,600 ரூபாய் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 சதவீதம் அவருடையது. இந்தக் கணக்குத் தெரிந்த பிள்ளையை நல்ல கம்பனி மதிக்கும். இதைக் கேட்டதற்காக உங்களை வேண்டாம் என்று சொல்லும் இடத்துக்கு நீங்கள் போகாமலிருப்பது நல்லது.

கொழும்புக்குப் போகிறவர்கள் பரீட்சை நாளுக்கு முதல் இரவு பஸ் ஏறி, பெரகலை, பலாங்கொடை, இரத்தினபுரி என்று வளைவு வளைவாக இறங்கி, விடிகாலையில் புறக்கோட்டையில் முகம் கழுவிக்கொண்டு நேரே போவதைத் தவிர்க்கப் பாருங்கள். உறவினர் வீடு ஏதாவது இருந்தால் முதல் நாளே போய்ச் சேருங்கள். முடியாவிட்டால் மடித்த சட்டையைத் தனியாகக் கொண்டுபோங்கள். பண்டாரவளைக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரோடு கொழும்பு வெயிலில் வந்து வியர்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளையைக் கண்டால் ஊர் கேட்கவே தேவையில்லை. புது உடுப்பு வேண்டாம். துவைத்து அழுத்திய சட்டை, பொலிஷ் போட்ட சப்பாத்து, போதும். போனை அணைத்துவிடுங்கள்.

தலைவர் ஒருவரின் சிபாரிசுக் கடிதத்தை மடித்துக்கொண்டு வருகிறவர்கள் அதைப் பைக்குள்ளேயே வைத்திருக்கலாம். அதைப் பார்த்ததும் மற்ற எல்லாக் காகிதத்தையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்குகிறோம். வேலை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவனைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. காது புளிக்கும் அளவுக்குத் தோட்டத்துக்குத் தோட்டம் கதை கேட்டிருக்கிறீர்கள். ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, இந்த மடலை எழுதியதற்கான காரணம். சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை என்றேன். தோட்டத்தில் இருக்கிறார்கள். வங்கியில், பாடசாலையில், வைத்தியசாலையில், ஹோட்டலில், ஆடைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து மாதக் கடைசியில் ஊருக்கு வரும் அண்ணன் அக்காமார் இன்று ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு சிலராவது உண்டு. அவர்களை விடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு மேசையும் நாலு நாற்காலியும் போடச் சொல்லுங்கள். மூன்று பேர் அந்தப் பக்கம் உட்காரட்டும், ஒருவர் சிங்களத்தில் கேட்கட்டும். நீங்கள் ஒவ்வொருவராகக் கதவைத் தட்டி உள்ளே போய், முகத்தைப் பார்த்துப் பேசி, சம்பளம் கேட்டுவிட்டு வெளியே வாருங்கள். முதல் முறை எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டாம் முறை சிரிக்கமாட்டார்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்யுங்கள். காசு செலவில்லை, அமைச்சர் வந்து திறந்து வைக்கவும் தேவையில்லை.

அந்த ஞாயிறு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. இன்றிரவே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். ஏதாவது மாறியிருந்தால் திங்கட்கிழமை காலையே சமாதான நீதவானிடமோ பிரதேச செயலகத்துக்கோ போங்கள்.

அன்புடன்,
உங்கள் தோட்டத்து அண்ணன்